இந்தக் கிழமை சின்னவனைப் போடுவமா?

பதினொரு பேர் வேண்டும். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதல் பந்து!

பசறை வீதியில் ஏதோ ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடுல்சீமையாகவும் இருக்கலாம், நமுனுகுலவாகவும் இருக்கலாம், அப்புத்தளைக்குக் கீழே ஒரு டிவிசனாகவும் இருக்கலாம். மென்பந்து கிரிக்கெட் ஆடும் ஊவாத் தோட்டங்களுக்கெல்லாம் சனிக்கிழமை சாயந்திரம் இப்படித்தான் வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஊரே பார்க்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது முதல் நாள் இரவுதான். கோயில் திண்ணையில் குந்தி, கொப்பியிலிருந்து கிழித்த தாளில் கெப்டன் பெயர் எழுதும் அந்த நேரம். வாருங்கள், சத்தம் போடாமல் பின்னால் போய் நிற்போம்.

எட்டாவது பெயரோடு பேனை நின்றுவிட்டது. ஓப்பனிங் ஆடியவன் புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்கிறான். வேகப்பந்துக்காரனுக்கு வெள்ளவத்தையில் ஹோட்டல் வேலை. ஞாயிறு லீவு கிடையாது. இன்னொருத்தன் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டான். கைவசம் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு முழங்கால் வலி. தொடர்ந்து தோல்வி வேறு. ஏதாவது செய்தே ஆகவேண்டும்.

"அண்ணே, சின்னவனப் போடுவமா?"

யார் கேட்டது என்று தெரியவில்லை. திண்ணையே ஒரு கணம் நிமிர்ந்து உட்காருகிறது.

சின்னவனுக்குப் பதினைந்து வயது. இதுவரை அவனுடைய வேலை, தேயிலைக்குள் விழும் பந்தை எடுத்துத் தருவது. அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். யார் அடித்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்குத் தெரிவதுபோல் கெப்டனுக்கே தெரியாது. அடித்த சத்தத்தைக் கேட்டே ஓடத் தொடங்கிவிடுவான். இன்னொரு ரகசியமும் உண்டு. இரண்டு லயத்துக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய வாசலில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பக்கவாட்டில் அடித்தால் தகரத்தில் பட்டு அவுட், உயர்த்தி அடித்தால் கூரையில் விழுந்து அவுட், போதாததற்கு வீட்டில் ஏச்சு. அதனால் நேரே அடிக்கப் பழகிவிடுகிறார்கள். பயிற்றுநர் வைத்துக் கற்கவேண்டிய நேர் மட்டையை லயத்து வாசலே கற்றுக் கொடுத்துவிடுகிறது! அடுத்த முறை தோட்டத்துப் பொடியன் ஒருவன் பந்தை அப்படியே போலரின் தலைக்கு மேலே திருப்பி அனுப்பும்போது கவனித்துப் பாருங்கள்.

பெயரை எழுதினால் மட்டும் போதுமா? அம்மாவிடம் கேட்கவேண்டும். கெப்டனும் கீப்பரும் லயத்துக்கு இறங்குகிறார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, நாளைக்கி தம்பிய மெச்சுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"நாளைக்கா? காலையில டியூசன் இருக்கே. அடுத்த வருசம் ஓ.எல்."

"ஒரே ஒரு நாளைக்கி அக்கா. மத்தியானம் கொண்டாந்து விட்டுர்றோம்."

"போன கிழம நீங்க தோத்தீங்களாமே?"

"அதனாலதான் அக்கா கேக்குறோம்!"

அம்மா சிரித்துவிட்டார். அதுதான் அனுமதி. ஆனால் நிபந்தனை உண்டு: விட்டுப்போன பாடக் கொப்பியை அன்று இரவே எழுதி முடிக்கவேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் அந்த இரவு தூங்கியிருப்பான் என்று யாராவது நம்புவார்களா? கொழும்பிலிருக்கும் அண்ணனின் ஜேர்சி அவனுக்கு. முழங்கால் வரை தொங்குகிறது, முதுகில் அண்ணனின் பெயர். சப்பாத்து, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்துத்தான். சுற்றுப்போட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் காசில் அவனிடம் யாரும் கைநீட்டுவதில்லை. அது எழுதாத சட்டம்.

இதுவரை எல்லாம் கொண்டாட்டம். இனித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விசயம் வருகிறது. பெயர் எழுதுவது வாய்ப்பு ஆகிவிடாது. பதினொராவதாக இறக்கி, பந்தே வராத மூலையில் நிறுத்தி, ஓவர் எதுவும் கொடுக்காமல் வீட்டுக்குக் கூட்டி வருவதை எத்தனை மைதானத்தில் பார்த்திருக்கிறோம். ஆட்டம் இன்னும் எந்தப் பக்கமும் சாயாத நேரத்தில் பந்து அவன் கைக்கு வரவேண்டும். அந்த ஓவரில் மூன்று சிக்சர் போனாலும் அடுத்த ஞாயிறு அவன் பெயர் தாளில் இருக்கவேண்டும். இரண்டாவது ஆட்டம்தான் உண்மையான வாய்ப்பு.

1992 ஓகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பத்து வருசமாக டெஸ்ட் ஆடி வந்த இலங்கை அதுவரை வென்றது இரண்டே இரண்டு ஆட்டம். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டைக் கைக்குள் வைத்திருந்து 16 ஓட்டத்தில் கோட்டைவிட்டிருந்தார்கள். அந்த அணிக்குள், ஓகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமையில், இருபது வயதில் நுழைந்தார் முத்தையா முரளிதரன். தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அப்பா கண்டியில் பிஸ்கட் செய்தவர். அந்த ஆட்டத்தில் 141 ஓட்டம் கொடுத்து மூன்று விக்கெட். யாரும் கனவு காணும் கணக்கு அல்ல. ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். 800 விக்கெட் அதற்குப் பிறகு வந்த கதை.

நம் லயங்களில் மஞ்சள் சட்டைக்கு இருக்கும் மவுசைச் சொல்லவும் வேண்டுமா? 2022, சென்னை சுப்பர் கிங்ஸ் ஒன்பதாம் இடத்துக்கு விழுந்த வருசம். மே 15, வான்கடே மைதானம். கண்டி திரித்துவக் கல்லூரியின் மத்தீஷ பத்திரன, வயது 19. ஐ.பி.எல்.லில் வீசிய முதல் பந்திலேயே ஷுப்மன் கில் எல்.பி.டபிள்யூ! அந்த ஆட்டத்தில் சென்னை தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் பத்திரன இருந்தார். மறு வருசம் 19 விக்கெட், கிண்ணமும் சென்னைக்கு.

2025இல் அதே சென்னை முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கே போனது. கெப்டன் கெய்க்வாட்டுக்கு முழங்கையில் முறிவு. அவருக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே. முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32. பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94, ஆட்டம் இரண்டே ஓட்டத்தில் கைநழுவியது. அணி மேலே இருந்திருந்தால் அந்தப் பையன் அந்த மைதானங்களில் இறங்கியிருப்பானா என்று எனக்குச் சந்தேகம். தோற்கும் அணியில்தான் கதவு திறந்திருக்கிறது.

தோற்கும்போதும் பொடியன்களை நம்புவதை வெகுதூரம் வரை கொண்டுபோனவர்கள் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அவர்களின் உதைபந்து நமக்குத் தெரிந்ததல்ல. பெரும்பாலும் கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆடுகிறார்கள். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். முட்டை வடிவப் பந்து. கோலுக்கு நான்கு கம்பம். அதில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸ் என்ற புது அணி 2012இல் களமிறங்கியபோது பாதி அணி பள்ளிக்கூடம் முடித்த பொடியன்கள். பயிற்றுநர் கெவின் ஷீடி. முதல் வருசம் 22 ஆட்டத்தில் இரண்டு வெற்றி. மறு வருசம் ஒன்றே ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 44 ஆட்டம், மூன்று வெற்றி! பொடியன்களைத் தூக்கி எறியவில்லை. 2019இல் அதே அணி இறுதிப் போட்டியில் நின்றது. அங்கே ரிச்மண்டிடம் 114க்கு 25 என்று நொறுங்கியதும் உண்மைதான். அதனால் அந்தப் பயணம் சிறுத்துப் போய்விடவில்லை. அந்த முதல் வருசப் பொடியன்களில் ஒருவர் டோபி கிரீன்; பிறகு அணிக்கே கெப்டன்.

சரி, திண்ணைக்கு வருவோம். சின்னவனைத் தேடி வரும் பெரிய சோதனை சிக்சர் அல்ல, தீபாவளி. கொழும்பு பஸ் பதுளையில் வந்து நிற்கும், அண்ணன்மார் பையோடு இறங்குவார்கள். புது சப்பாத்து, புது மட்டை, கையில் கொஞ்சம் காசு. நெட், பந்து, கிண்ணச் செலவு என்று கழகத்துக்குப் பணம் தருபவர்களும் அவர்களே. அவர்களுக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது? வருசம் முழுக்கத் தோற்றும் விடாமல் ஆடிய பொடியனை எந்த முகத்தோடு மறுபடி தேயிலைக்குள் அனுப்புவது? இதற்கு நல்ல கெப்டன்மார் செய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். தீபாவளிக்கென்று தனியாக ஒரு ஆட்டம் வைத்துவிடுகிறார்கள்: கொழும்பு அணியும் தோட்ட அணியும். ஊரே கரையில் கூடுகிறது. ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். அம்மாமார் பலகாரத் தட்டோடு வருகிறார்கள்.

முதல் ஓவர் சின்னவனுக்கு. எதிரில் மட்டையோடு நிற்பது ஜேர்சி கொடுத்த அண்ணன்.

"மெதுவாப் போடுடா" என்கிறான் அண்ணன்.

பொடியன் தலையை ஆட்டிவிட்டு, ஓடிவரும் தூரத்தை இன்னும் நான்கு அடி கூட்டி அளக்கிறான்!