உட்கார்ந்தா நாற்காலி, பார்த்தா சிற்பம்

2015 ஏப்ரல்ல லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்துல ஒரு சாய்வு இருக்கை 24 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அன்றைய மதிப்புல ஏறக்குறைய 23 கோடி ரூபாய். உயிரோட இருக்கிற ஒரு வடிவமைப்பாளர் செஞ்ச பொருளுக்கு அதுவரைக்கும் ஏலத்துல கிடைச்ச அதிகபட்ச விலை அதுதான். அந்தக் காசுல நம்ம ஊர்ல எத்தனை கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி வாங்கிப் போடலாம்னு யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கப்பு :-)

இருக்கையோட பேரு லாக்ஹீட் லவுஞ்ச். செஞ்சவர் மார்க் நியூசன். சிட்னியில நகைத்தொழிலும் சிற்பமும் படிச்சுட்டு 1984ல கல்லூரியை விட்டு வெளிய வந்தவர், 1997ல லண்டனுக்குக் குடிவந்தார். படத்துல பார்த்தீங்கன்னா, ஏதோ வேற்றுக்கிரக விமானத்தோட வால்பகுதி உடைஞ்சு வந்து வீட்டு நடுக்கூடத்துல விழுந்த மாதிரி இருக்கும். உடம்பு முழுக்க பளபளன்னு அலுமினியத் தகடு, தகடு தகடா ஒட்டுப்போட்டு வரிசை வரிசையா ரிவெட். பழைய விமானங்களோட தோல் மாதிரியே. அதனாலதான் அமெரிக்க விமான கம்பெனி பேரு.

செஞ்ச கதை விலையை விட சுவாரசியம். கடல்ல அலைச்சறுக்குப் பலகை செய்யறவங்க ஃபோமை இழைச்சு இழைச்சு வடிவத்துக்குக் கொண்டு வருவாங்க இல்லையா, அதே மாதிரி முதல்ல ஃபோம்ல வடிவம். அதுக்கு மேல ஃபைபர்கிளாஸ். மேல ஒரே தகடா அலுமினியத்தைப் போர்த்திடணும்னுதான் மனுஷனுக்கு ஆசை. கொட்டின பாதரசத் துளி மாதிரி இணைப்பே தெரியாம வேணும்னு கனவு. தகடு எங்க கேட்டுச்சு? ரெண்டு பக்கமும் வளையற வடிவத்துல தட்டைத் தகட்டைப் போர்த்தினா சுருங்கும், இல்லாட்டி கிழியும். சப்பாத்தி மாவைப் பந்து மேல போர்த்திப் பாருங்க, புரியும். கடைசியில தகட்டைச் சின்னச் சின்னதா வெட்டி, ஒவ்வொண்ணையும் கொட்டாப்புளியால தட்டித் தட்டி வளைச்சு, ரிவெட் அடிச்சு முடிச்சார். இன்னிக்கு எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிற அந்த ஒட்டுவேலை அழகு, நினைச்சது நடக்காததால வந்தது. எண்ணி 10, அதுக்கு மேல கலைஞர் பிரதின்னு 4, ஒரு முதல் மாதிரி. அவ்வளவுதான் உலகத்துல. 1993ல மடோனா 'ரெயின்' பாட்டு வீடியோவுல இதுல சாஞ்சிருப்பாங்க. அந்த நிமிஷத்துக்கு அப்புறம் இது நாற்காலி இல்ல, நட்சத்திரம்.

சரி, வசதியா இருக்குமா? வெறும் அலுமினியம். டிசம்பர் மாச லண்டன்ல அதுல முதுகு வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. குஷன் கிடையாது, சாஞ்சா வழுக்கும், எழுந்தா கீறல் விழுந்திருக்குமோன்னு பதறணும் (ஒரு கீறலுக்கு எத்தனை லட்சம் குறையும்?). நம்ம வீட்டுத் திண்ணையில கிடந்த தாத்தாவோட ஈஸி சேர் இந்தப் போட்டியில சுலபமா ஜெயிக்கும். துணி கிழிஞ்சா தையல்காரர்கிட்ட கொடுத்து மாத்திக்கலாம். கம்பை உருவினா மடிச்சு சுவத்துல சாத்திடலாம். கைப்பிடியில காபி டம்ளர் நிக்கும். எதிர்காலம்னு யாரும் அதுக்குப் பேரு வைக்கல, அவ்வளவுதான்.

இப்ப அறிவியல் புனைகதை பக்கம் வருவோம். சுஜாதா படிச்சு வளர்ந்த கூட்டம் நாம, 'எதிர்கால வீடு'ன்னா மனசுல ஒரு படம் ஓடும்: வெள்ளைத் தரை, வளைஞ்ச சுவர், தரையில இருந்து முளைச்ச மாதிரி ஒரு சிவப்பு நாற்காலி. இந்தப் படத்தை நம்ம மண்டைக்குள்ள போட்டதுல பெரும்பங்கு 1968ல வந்த குப்ரிக்கோட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு. லண்டனுக்கு வடக்கே போர்ஹாம்வுட்ல இருந்த எம்ஜிஎம் ஸ்டூடியோவுலதான் பெரும்பாலும் எடுத்தாங்க. விண்வெளி நிலையத்துல ஹில்டன் ஹோட்டல் வரவேற்பறை வரும் பாருங்க, அங்க வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கிற செக்கச்செவேல் இருக்கைகள்... அதெல்லாம் படத்துக்காகச் செஞ்சதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. பிரெஞ்சுக்காரர் ஒலிவியே மூர்க் 1960களின் நடுவுல ஏர்போர்ன்ங்கிற கம்பெனிக்காக வடிவமைச்ச 'ஜின்' நாற்காலிகள் அவை. கடையில விக்கிற சரக்கு! இரும்புக்குழாய்ச் சட்டம், மேல ஃபோம், அதுக்கு மேல இழுத்தா நீளும் நைலான் உறை. உறையைக் கழட்டித் துவைக்கவும் செய்யலாம்.

ஆக, கதை நாற்காலியைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கு. அப்புறம் நாற்காலிக்காரங்க படத்தைப் பார்த்துக் காப்பியடிச்சாங்க. குப்ரிக் பண்ணினது ஒண்ணே ஒண்ணு, சுத்தி இருந்த எல்லாத்தையும் வெள்ளையாக்கிட்டு அதை மட்டும் சிவப்பா விட்டார். (அந்தக் கால ஃபோம் சில பத்து வருஷத்துல பொடிப்பொடியா உதிரும்ங்கிறது தனி சோகம். 2001ம் வருஷம் வர்றதுக்குள்ள எத்தனையோ 'எதிர்காலம்' குப்பைக்குப் போயிருக்கும். தேக்கு சிரிக்குது.)

கலையும் பயனும் சரிசமமா கைகோத்த ஒண்ணைக் காட்டுன்னு கேட்டா நான் பின்லாந்துக்காரர் ஏரோ ஆர்னியோவோட பந்து நாற்காலியைத்தான் காட்டுவேன். 1963ல செஞ்சது, 1966ல கொலோன் கண்காட்சிக்கு வந்து உலகம் முழுக்கத் தெரிஞ்சது. அடுத்த வருஷமே 'தி பிரிசனர்'ங்கிற பிரிட்டிஷ் டிவி தொடர்ல ஏறி உட்கார்ந்துடுச்சு. ஒரு பெரிய உருண்டை, ஒரு பக்கம் வெட்டித் திறந்து, உள்ளே குஷன். ஆளு உள்ள போனா வெளிச்சத்தம் அமுங்கிடும், அறைக்குள்ள ஒரு அறை.

ஆர்னியோ இதை எப்படி அளந்தார் தெரியுமா? சொந்த வீட்டுக்கு ஒரு பெரிய நாற்காலி வேணும். சுவத்துல முழு அளவுல படம் வரைஞ்சு, அதுல உட்கார்ற மாதிரி நின்னு, தலை போற போக்கை மனைவியை விட்டு சுவத்துல கோடு போடச் சொல்லியிருக்கார். மேல எவ்வளவு உயரம் வேணும்னு அப்படித் தெரிஞ்சது. உருண்டை எவ்வளவு பெருசு இருக்கலாம்? வாசக்கதவு வழியா வெளிய போகணும், அதுதான் கணக்கு. முதல் பந்தை அவரே கையால செஞ்சார், கிளைடர் விமானம் கட்டற முறையில, பிளைவுட் அச்சு மேல ஈரக்காகிதம் ஒட்டி ஃபைபர்கிளாஸ் பூசி. விண்கலம் மாதிரி தெரியற ஒரு பொருளோட விட்டத்தைத் தீர்மானிச்சது வீட்டுக் கதவு! கட்டிலை மாடிக்கு ஏத்த முடியாம கயிறு கட்டி பால்கனி வழியா தூக்கின குடும்பங்கள் இந்த மனுஷனைக் கும்பிடணும்.

லண்டன்லயே இன்னொருத்தர் உண்டு, ரான் அராட். 1981ல 'ஒன் ஆஃப்'ங்கிற பட்டறையை கோவன்ட் கார்டன்ல ஆரம்பிச்சவர். பழைய ரோவர் கார் சீட்டைக் கழட்டி, வளைச்ச இரும்புக்குழாய்ல மாட்டினார், ரோவர் நாற்காலி தயார். 'மேட் மேக்ஸ்' படம் பார்த்தவங்களுக்கு சட்டுன்னு புரியும் இது எந்த உலகத்துச் சாமான்னு. உலகம் அழிஞ்ச பிறகு மிச்சம் கிடந்ததை வச்சு வீடு கட்டின மாதிரி. ஆனா லாக்ஹீட் மாதிரி இல்ல, இது சுகமா இருக்கும். ஏன்னா மணிக்கணக்கா வண்டி ஓட்டறவனுக்காக யாரோ ஒரு இஞ்சினியர் ஏற்கனவே யோசிச்சு வச்ச சீட்டு. முதல் வாடிக்கையாளர்கள்ல ஒருத்தர் ஆடை வடிவமைப்பாளர் ழான் போல் கோல்டியே. பிற்பாடு அராட் இங்க ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல பேராசிரியராவும் இருந்தார். குப்பைக்கடை டு பேராசிரியர் நாற்காலி!

அழகா, பயனாங்கிறது வெறும் ரசனைப் பேச்சு இல்லைங்க. இந்த ஊர்ல அது கோர்ட் வரைக்கும் போயிருக்கு, காசு விஷயம்.

ஹென்ஷர்ங்கிற கம்பெனி படகு மாதிரி வடிவத்துல ஒரு சோஃபா செட் போட்டு நல்லா வித்துட்டு இருந்தது. போட்டிக் கம்பெனி ஒண்ணு காப்பியடிச்சது. ஹென்ஷர் கேஸ் போட்டாங்க: எங்க முதல் மாதிரி ஒரு 'கலைநயமுள்ள கைவினைப் படைப்பு', அதனால காப்பிரைட் உண்டுன்னு. கைவினைன்னு எதிர்க்கட்சியே ஒத்துக்கிட்டாச்சு. கலையான்னுதான் கேள்வி. 1974ல பிரபுக்கள் சபை இல்லைன்னு சொல்லிடுச்சு. வேடிக்கை என்னன்னா, முடிவுல எல்லா நீதிபதிகளும் ஒண்ணு, ஏன்ங்கிறதுல ஆளுக்கொரு காரணம்.

அப்புறம் வந்தது ஸ்டார் வார்ஸ். 1976ல லண்டன் ட்விக்கன்ஹாம்ல ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்னு ஒருத்தர், பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சு மேல உறிஞ்சி ஒட்டவைக்கிற தொழில். படத்துக்கு ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம் செஞ்சு கொடுத்தார். 2004ல அதே கவசத்தைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சார். லூகாஸ்ஃபிலிம் சும்மா விடுமா? அமெரிக்காவுல 2 கோடி டாலர் தீர்ப்பு வாங்கிட்டு இங்க வந்தாங்க. இங்க கேள்வி: கவசம் சிற்பமா, இல்லையா? சிற்பம்னா ஆயுசுக்கும் அதுக்கு மேல 70 வருஷமும் பாதுகாப்பு.

முதல்ல விசாரிச்ச நீதிபதி மான் ஒரு உதாரணம் சொன்னார், எனக்கு ரொம்பப் பிடிச்சது. டேட் காலரியில ரெண்டு வாரம் காட்சிக்கு வச்ச செங்கல் குவியல் சிற்பமாகலாம். வீடு கட்டறதுக்காக வாசல்ல ரெண்டு வாரம் கொட்டி வச்ச அதே செங்கல் குவியல் சிற்பம் ஆகாது. பொருள் ஒண்ணுதான், எதுக்காகச் செஞ்சோம்ங்கிறதுதான் வேற. 2011 ஜூலையில உச்ச நீதிமன்றமும் கவசம் சிற்பம் இல்லைன்னு தீர்த்தது. கலைப்படைப்பு அந்தப் படம். கவசம் படம் எடுக்கிற வேலையில பயன்பட்ட ஒரு சாமான். அமெரிக்க காப்பிரைட்டை மீறினதுக்கு இங்கேயே வழக்கு நடத்தலாம்ங்கிற பாயிண்ட்ல மட்டும் லூகாஸ்ஃபிலிம் ஜெயிச்சாங்க.

இந்த அளவுகோலை லாக்ஹீட் மேல வச்சுப் பாருங்க. சாயறதுக்குன்னு செஞ்சா சாமான், காலரியில வச்சா சிற்பம். 24 லட்சம் பவுண்டு கொடுத்தவர் எதை வாங்கினார்?

பிரிட்டன்ல தொழிற்சாலையில தயாராகிற கலைப்பொருளுக்கு 25 வருஷ காப்பிரைட் மட்டும்தான்னு ஒரு பிரிவு இருந்தது. 2016ல அதை எடுத்துட்டாங்க. அதுவரைக்கும் புகழ்பெற்ற நாற்காலிகளோட நகல்களை சட்டப்படி வித்துட்டிருந்த கடைகளுக்கு 2017 ஜனவரியோட கெடு முடிஞ்சது. எங்களை மாதிரி மாணவர் பர்ஸுக்கு நகல்தான் எட்டும்ங்கிறதால எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம். செஞ்சவன் பக்கம் நின்னு பார்த்தா நியாயம்தான்.

நம்ம இந்தியச் சட்டம் இன்னும் கறார். 1957 காப்பிரைட் சட்டத்துல 15வது பிரிவு: டிசைனா பதிவு செய்யத் தகுந்த ஒண்ணைப் பதியாம விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதியோட வேற யாரோ தொழில்முறை உற்பத்தியில 50 தடவைக்கு மேல செஞ்சாச்சுன்னா காப்பிரைட் போச்சு. நம்ம ஊர் ஆசாரி ஒருத்தர் புதுசா ஒரு நாற்காலி வடிவம் கண்டுபிடிச்சு, அது ஹிட்டாகி, அவர் அனுமதியோட ஒரு பட்டறை மெஷின்ல நூத்துக்கணக்குல போட்டுத் தள்ளுதுன்னு வைங்க. பதியாத ஆசாரிக்கு 51வது நாற்காலியோட உரிமை முடிஞ்சது. டிசைன் பதிவுன்னு ஒண்ணு இருக்குன்னு அவருக்கு யார் போய்ச் சொல்றது?

நியூசனைப் பத்தி ஒரு விஷயம் பாக்கி. அதே ஆள்தான் குவாண்டாஸோட ஏ380 விமானத்துக்கு உள்ளலங்காரம் செஞ்சார், 2008ல பறக்க ஆரம்பிச்சது. எகானமி சீட் உட்பட. இங்க கொட்டாப்புளி வேலை ஆகாது. ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் கணக்கு, தீப்பிடிக்கக்கூடாது, மோதினா தாங்கணும், முன்னாடி சீட்டுக்காரன் சாஞ்சா பின்னாடி இருக்கிறவன் முழங்கால் தப்பிக்கணும். எதிர்காலம் மாதிரி தெரியற விமானத் தோலை வச்சு சாயமுடியாத இருக்கை செஞ்சவர், கடைசியில நிஜ விமானத்துக்குள்ள, குழந்தை ஜூஸ் கொட்டற, ராத்திரி முழுக்க ஒருத்தர் வாயைத் திறந்து தூங்கற சீட்டைச் செஞ்சிருக்கார். அதை யாரும் ஏலத்துல எடுக்கல. எனக்கென்னவோ அதுதான் கஷ்டமான வேலைன்னு தோணுது.

பி.கு: லண்டன் வர்றவங்க சவுத் கென்சிங்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல மரச்சாமான் கூடத்தை விட்டுடாதீங்க, நுழைவு இலவசம். ரெண்டு மணி நேரம் விதவிதமான நாற்காலிகளைப் பார்த்துட்டு, கால் கடுக்க வெளிய வருவீங்க :-)