நிறுத்திவைத்த காரில் பற்றரி எப்படி இறங்குகிறது

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். மீமுரேக்குப் போகிறவர்கள் இங்கேதான் பிரதான வீதியை விட்டுத் திரும்ப வேண்டும். லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் வழியாக நக்கிள்ஸ் மலைகளுக்குள் இறங்கும் அந்தப் பாதை தாழ்வான சிறு காருக்கு ஏற்றதல்ல. ஆகவே காரை ஹுன்னஸ்கிரியவில் விட்டுவிட்டு வானிலோ ஜீப்பிலோ போகிறவர்கள் உண்டு. இரண்டு இரவு கழித்துத் திரும்பி வந்து கதவுப் பிடியைத் தொட்டால், சிலருடைய கார் திறப்பதில்லை. ஸ்மார்ட் சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியை உருவித் திறந்தாலும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரிவதில்லை.

கியர் மாற்றி ஓட்டும் பழைய கார் என்றால் இந்தச் சரிவில் உருட்டிவிட்டே ஸ்டார்ட் பண்ணலாம். ஓட்டோ கியர் காரிலும் ஹைபிரிட் காரிலும் அந்த வழி இல்லை. யாராவது ஜம்ப் வயர் கொடுத்தால்தான் வீடு போகலாம். அடுத்த நாளே கடைக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்குகிறோம். பெரும்பாலான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. இறங்கிப்போன பற்றரி பல சமயம் நோயாளி மட்டுமே, நோய் வேறெங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் சில மாதங்களில் அதுவும் கெடும். ஈய அமிலப் பற்றரியை நாலைந்து தடவை அடிவரை வடியவிட்டால், அதன் தட்டுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அப்படிப் போன கொள்ளளவு திரும்பக் கிடைப்பதில்லை.

இரண்டு இரவில் ஒரு பற்றரி இறங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய ஜப்பானியக் கார்களில் இருக்கும் பற்றரி ஏறத்தாழ 35 அம்பியர்-மணி கொள்ளும். காரை அணைத்துப் பூட்டிய பிறகும் மணிக்கூடு, அலாரம், சாவியின் குரலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கணினிகளின் நினைவகம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் மின் வேண்டும். அது வழக்கமாக 20 முதல் 50 மில்லிஅம்பியர் வரை இருக்கும். 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்குப் போவது 1.2 அம்பியர்-மணிதான். ஆரோக்கியமான கார் இரண்டு வாரம் நின்றாலும் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

இப்போது மூடாத டாஷ்போர்டுப் பெட்டிக்குள் 5 வோட் பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருப்பதாக வைப்போம். அது 0.4 அம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்குப் பத்து அம்பியர்-மணி போய்விடும். அல்லது, நிறுத்திய பிறகும் பதிவு செய்யும்படி நேரடியாக இணைத்த டாஷ்கேம் ஒன்று 3 வோட் எடுக்கிறது என்றால், இரண்டு நாளில் 12 அம்பியர்-மணி. புதுப் பற்றரி இதைத் தாங்கும். நாலு வருடம் ஓடி, பாதிக் கொள்ளளவோடு இருக்கும் பற்றரி தாங்காது. இப்படிப்பட்ட மின்கசிவும் பற்றரியின் முதுமையும் சேர்ந்துதான் காரைச் சாய்க்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

நம் நாட்டுக் கார்களில் இந்தக் கசிவு அதிகம் தென்பட ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. வோகன் ஆர், அக்குவா, விட்ஸ், வெசல் என்று எதை எடுத்தாலும், முதல் உரிமையாளர் ஒரு அலாரம் போட்டிருப்பார், இரண்டாமவர் அன்ட்ரொய்ட் பிளேயரும் பின் கமெராவும் மாட்டியிருப்பார், லீசிங் காலத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவி ஏறியிருக்கும். கழற்றியதாகச் சொல்லப்பட்ட பழைய அலாரத்தின் பெட்டி இன்னும் டாஷ்போர்டுக்குள் தொங்கும். 2020இன் ஊரடங்கு வாரங்களிலும், 2022 ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பது நிறுத்தப்பட்ட நாட்களிலும் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தினமும் ஓடும் காரில் சிறு கசிவு தெரியாது, இரவில் போனதை ஓல்டனேட்டர் பகலில் ஈடுகட்டிவிடும். நின்றால்தான் தெரியவரும்.

ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது, தொழிற்சாலையிலிருந்து வராத பொருட்களை. பிளேயருக்கு இரண்டு மின்வயர்கள் உண்டு. மஞ்சள் நேரே பற்றரியிலிருந்து வரும், அதில் எப்போதும் மின் இருக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும். அவசரத்தில் மாட்டியவர் இரண்டையும் முறுக்கி மஞ்சளிலேயே இணைத்திருந்தால், திரை இருண்டாலும் பிளேயர் முழுதாக உறங்காது. நான் கேள்விப்படும் கசிவுகளில் இது அடிக்கடி வருகிறது. சீர்செய்ய ஆகும் செலவு ஒரு அடி வயரும் கொஞ்சம் டேப்பும்தான்.

அளப்பதற்கு முன் பற்றரியை சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனியவுக்கு ஓட்டிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஈய அமிலப் பற்றரி கடைசி ஐந்தில் ஒரு பங்கை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். ஓர் இரவு முழுதும் அதற்கு வேண்டும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.6 வோல்ட் இருந்தால் நிரம்பிவிட்டது, 12.2 என்றால் பாதி. நிரப்பியும், காரிலிருந்து வயரைக் கழற்றித் தனியே வைத்தும், மறுநாள் 12.2க்கு இறங்கினால் தேட வேண்டியதில்லை. பற்றரியே போய்விட்டது.

பற்றரி நிலைத்து நின்றால் தேடலைத் தொடங்கலாம். புதிய கார்களில் பத்திருபது கணினிப் பெட்டிகள் ஒரே வலையமைப்பில் பேசிக்கொள்கின்றன. பூட்டிய உடனே அவை உறங்குவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடங்கச் சில கார்களில் சில நிமிடம், சிலவற்றில் அரை மணி, சில ஐரோப்பியக் கார்களில் அதற்கும் மேல் ஆகும். பூட்டி ஒரு நிமிடத்தில் மீட்டரை வைத்து, ‘இரண்டு அம்பியர் போகிறது, கண்டுபிடித்துவிட்டேன்’ என்று சொல்கிறவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. விழித்திருக்கும் காரைத்தான் அளந்திருக்கிறார். இந்த வேலையில் திறமையைவிடப் பொறுமை பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரை ஒரு மணி நேரம் தனியே விடும் கராஜுக்குக் கூடுதலாகக் கூலி கொடுக்கலாம், அது வீண் அல்ல.

தயாரிப்பு இப்படி இருக்கட்டும். பொனட்டைத் திறந்து வையுங்கள். பியூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவையும் திறந்து, அதன் ஓரத்திலுள்ள பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். கதவுத் தூணில் அழுத்தும் பொத்தான் இருக்கும் கார் என்றால் அதன்மேல் டேப் ஒட்டினால் போதும். பிறகு பூட்டி, சாவியைத் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். ஸ்மார்ட் சாவி பக்கத்தில் கிடந்தால் காரும் சாவியும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாவியை வாசல் ஆணியில் மாட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்துகிற வீடுகளில் இதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம்.

அளப்பதற்கு நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் சிறந்தது. மலிவான பல கிளாம்ப் மீட்டர்கள் ஆடலோட்டத்தை மட்டும் அளக்கும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் சாதாரண மல்டிமீட்டரின் 10 அம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி, ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதைக் கறுப்பு வயரின் கவ்வியிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகே கவ்வியைத் தூக்க வேண்டும். அப்போது மின் ஒரு கணமும் அறாது, கணினிகளும் விழிக்காது. மீட்டர் இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவோ சாவியைத் திருப்பவோ கூடாது. மீட்டரின் பியூஸ் அந்த இடத்திலேயே எரியும்.

எண் மெல்ல மெல்ல இறங்கி 50 மில்லிஅம்பியருக்குள் வந்து நின்றால் கார் நலம். 300, 400 என்று நின்றுவிட்டால் ஏதோ ஒன்று உறங்கவில்லை. அடங்கிய பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை துள்ளி எழுந்தால், எதுவோ மற்றவற்றை எழுப்பிக்கொண்டிருக்கிறது. கராஜில் ஸ்கேனர் செருகும் ஓபிடி துளையில் ஏதாவது கருவி இருந்தால் அதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

எந்தப் பாதை என்று அறிய, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. பழைய காருக்கு அது சரி. புதிய காரில் ஒரு பியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் அதில் இணைந்த கணினிப் பெட்டி விழித்துவிடும், மறுபடி அரை மணி காத்திருக்க வேண்டும். அதைவிட மோசம், உறங்க மறந்து நின்ற பெட்டி அந்த ஒரு பிடுங்கலில் தன்னைச் சரிசெய்துகொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். குறை இரண்டு வாரம் கழித்துத் திரும்பும். எனவே பிடுங்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பியூஸின் தலையிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவ்விரண்டையும் தொட்டால், மின் ஓடாத பியூஸ் பூச்சியம் காட்டும். ஓடும் பியூஸுக்கு மிகச் சிறிய தடை இருப்பதால் ஒரு எண் காட்டும். 10 அம்பியர் மினி பியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 130 மில்லிஅம்பியர் ஓடுகிறது. மீட்டர் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பியூஸையும் பிடுங்காமல், ஒரு பெட்டியையும் எழுப்பாமல் கால் மணி நேரத்தில் முழுக் காரையும் பார்த்துவிடலாம். உங்கள் கராஜ் பாஸ் பியூஸைப் பிடுங்கக் கை வைத்தால், ‘பாஸ், பிடுங்காமல் மில்லிவோல்ட் பாருங்களேன்’ என்று தயங்காமல் சொல்லுங்கள்.

குற்றவாளிப் பியூஸ் கிடைத்ததும் வேலை முடிவதில்லை. பியூஸ் பெட்டியின் மூடியில் ‘டோம்’ என்று எழுதியிருக்கும் ஒரு பியூஸே பல கார்களில் உள்விளக்கு, மணிக்கூடு, பிளேயர் என்று பலவற்றுக்கும் மின் கொடுக்கிறது. அதன் கிளைகளை ஒவ்வொரு சொக்கட்டாகக் கழற்றி, மறுபடி அளந்துதான் ஒன்றுக்கு வரவேண்டும். ரிலேகளையும் தொட்டுப் பாருங்கள், அணையாமல் நிற்கும் ரிலே லேசாகச் சுடும்.

எல்லாப் பியூஸும் பூச்சியம், ஆனால் கசிவு இருக்கிறது என்றால் பியூஸ் பெட்டிக்குப் போகாத தடித்த வயர்களைப் பாருங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் ஓல்டனேட்டரின் தடித்த வயரைச் சுற்றிக் கிளாம்பைப் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே டயோட் ஒன்று கெட்டிருக்கிறது, பற்றரியின் மின் பின்வழியாக ஓடுகிறது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் ஓல்டனேட்டரே இல்லை. சிறு 12 வோல்ட் பற்றரி அக்குவாவில் பின் இருக்கையின் கீழே இருக்கிறது. அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேயை மூடுவதே அதன் முக்கிய வேலை. அதனாலேயே அதை மிகச் சிறியதாக வைக்கிறார்கள். ‘ரெடி’ விளக்கு எரியாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பெரிய பற்றரி நிரம்பியிருந்தாலும் சிறியது வற்றிவிடும். ஹைபிரிட்டிலும் அளக்கும் முறை இதுவேதான், ஆனால் செம்மஞ்சள் நிற வயர்கள் எதிலும் கை வைக்கக் கூடாது. அவற்றில் இருப்பது உயிரை எடுக்கக்கூடிய மின்னழுத்தம்.

குறையைச் சரிசெய்த பிறகு பற்றரியை மறுபடி முழுதாக நிரப்பி, காரைப் பூட்டி, உறங்கவிட்டு, மின்னோட்டத்தை இன்னொரு முறை அளந்து அந்த எண்ணையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிப் பற்றரி மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை புதிதாக ஏதாவது மாட்டும்போது அந்த எண்ணோடு ஒப்பிடலாம். கார் இன்னொருவர் கைக்குப் போனாலும் அவருக்கு அது உதவும்.