வடமலை அன்னம்

பவானிக் கூடுதுறையில் நீராடிச் சங்கமேசுவரரைத் தரிசிக்க வரும் கொங்கு நாட்டு ஜனங்களுக்கு அன்னம் அந்நியப் பறவையன்று. சிவாலயங்களின் கருவறைப் பின்சுவரில், லிங்கோத்பவரின் முடியைத் தேடி மேலே பறக்கும் பிரம்மதேவனை அன்ன வடிவில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். ஆயினும், அதை உயிரோடு காணும் ஆவலில் ஈரோட்டைக் கடந்து வெள்ளோட்டு ஏரிக்கரை வரை போனாலும், கூழைக்கடாவும் நீர்க்காகமும் கண்ணில் படுமேயன்றி, ரவிவர்மா தீட்டிய தமயந்தியின் எதிரே நிற்கும் வெள்ளை அன்னம் தென்படாது.

அந்த வெள்ளை அன்னம் குளிர்தேசத்துப் பிராணி. 20-க்கு மேற்பட்ட எலும்புக் கணுக்கள் கோத்த கழுத்தை நீருக்குள் நீட்டித் தாவரங்களைப் பறித்துத் தின்பதும், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஒரே துணையோடு வாழ்வதும் அதன் சுபாவம். ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னமும் உண்டு.

நம் முன்னோர் கண்ட அன்னம், வரித்தலை வாத்து என்று இன்று வழங்கும் பறவையாகவே இருக்கக்கூடும் என்பது பலர் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித் துறையில் மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் அன்னத்தை விளித்து, வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணச் சொல்கிறார். இப்பறவையின் யாத்திரையும் ஏறக்குறைய அதே மார்க்கந்தான். அன்னம் அயிரை மீனை உண்டதாகப் புலவர் சொல்வது மட்டும், பெரிதும் புல்லையே மேயும் இதற்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

சாம்பல் நிற உடல், வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள், நுனி கறுத்த மஞ்சள் அலகு; இத்தனை எளிய தோற்றமுடைய பறவை, மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைக் கடந்து வருகிறது. உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, 7,000 மீட்டருக்கு மேலும் இது பறந்தது தெரியவந்தது. அங்கே பிராணவாயு, கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. அந்தச் சொற்பத்தையும் விடாமல் பற்றிக்கொள்ளும் ஹீமோகுளோபின் இதன் இரத்தத்தில் அமைந்திருக்கிறது. அன்றியும், எப்போதும் உயரத்திலேயே பறந்து சக்தியை விரயம் செய்யாமல், மலைகளின் மேடுபள்ளங்களை ஒட்டி ஏறியும் இறங்கியும் செல்கிறது. நீரை நீக்கிப் பாலை மட்டும் பருகும் என்ற ஐதீகத்தைக் காட்டிலும் இது எனக்குப் பேராச்சரியம்.

காண விரும்புவோர் தை மாதத்தில் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்குப் போகலாம். பகலில் குளத்து நீரில் இளைப்பாறும் கூட்டம், பொழுது சாய்ந்ததும் கூவிக்கொண்டே வயல்களுக்கு மேயப் புறப்படும்.