யோசிக்க நேரமில்லாத ஜூலை

1914 ஆகஸ்ட் 1, மாலை நேரம். ரஷ்யா மீது போர் என்று முடிவாகி, படைதிரட்டும் ஆணையில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்போது லண்டனில் இருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிரான்சைத் தாக்காமல் விட்டால் பிரிட்டன் ஒதுங்கிக்கொள்ளும், பிரான்சும் போரில் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். பேரரசருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கள் என்று தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார்.

முடியாது என்றார் மோல்ட்கே. எந்த ரயில், எந்தப் பாலத்தை, எந்த நேரத்தில் கடக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு வைத்த திட்டம் அது. நடுவில் மாற்றினால், எல்லையில் போய் நிற்பது படையாக இருக்காது, சோறும் தோட்டாவும் இல்லாத கும்பலாகத்தான் இருக்கும் என்று வாதிட்டார். உங்கள் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார் என்று பேரரசர் சுருக்கென்று சொன்னார். அந்தப் பெரியப்பா, 1870இல் பிரான்சை வென்ற மூத்த மோல்ட்கே. இரவு பதினொரு மணிவாக்கில் தூதர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பது தெரிந்தது. இனி உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்று பேரரசர் விட்டுவிட்டார். ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது.

ரஷ்யாவோடு சண்டை என்றால் முதலில் பிரான்சைத்தான் தாக்க வேண்டும் என்ற இந்த விசித்திரமான திட்டம் வெறும் ஆணவத்தில் பிறந்ததல்ல. அதன் வேர் பயம். 1894இல் பிரான்சும் ரஷ்யாவும் கைகோத்தபோது ஜெர்மனி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டது. ரஷ்யா பரந்த நாடு, படை திரட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள், ஏறக்குறைய ஆறே வாரத்தில், பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை வீழ்த்திவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும் என்று தளபதிகள் கணக்குப் போட்டார்கள். அதனால் ரஷ்யா ஒருநாள் முந்திப் படை திரட்டினாலும், தங்களுக்கு ஒருநாள் போயிற்று என்று ஜெர்மனி பதறியது. ரஷ்யாவோ பிரெஞ்சுக் கடன் உதவியோடு ரயில் பாதைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தது. 1917வாக்கில் அதன் படைப்பெருக்கம் முடிந்துவிடும். போர் வரத்தான் போகிறதென்றால் இப்போதே வரட்டும் என்று 1912லேயே பேரரசர் முன்னிலையில் வாதிட்டவர் இதே மோல்ட்கே.

கடலில் வேறொரு பந்தயம் நடந்தது. 1898 முதல் ஜெர்மனி பெரும் கப்பற்படை கட்டத் தொடங்கியது. உணவுக்கே கடலை நம்பியிருந்த தீவு நாடான பிரிட்டன் இதைத் தன் கழுத்துக்கு வந்த கத்தியாகப் பார்த்தது. 1906இல் ‘டிரெட்நாட்’ என்ற புதுவகைப் போர்க்கப்பலை மிதக்கவிட்டது. அதன்முன் பழைய கப்பல்கள் எல்லாம், பிரிட்டனுடையவையும் சேர்த்து, ஒரே நாளில் பழசாகிப்போயின. பந்தயம் முதலிலிருந்து தொடங்கியது. அதுவரை எதிரிகளாக இருந்த பிரான்சோடும் ரஷ்யாவோடும் பிரிட்டன் 1904, 1907ஆம் ஆண்டுகளில் உடன்பாடு செய்துகொண்டது. பாதுகாப்புக்காகக் கட்டிய கப்பல்களே ஜெர்மனிக்குப் புதிய எதிரியைத் தேடித்தந்தன.

மொராக்கோவில் 1905, 1911, போஸ்னியாவில் 1908, பால்கனில் 1912, 13. இத்தனை நெருக்கடிகளிலும் பெரும்போர் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாடு அவமானப்பட்டுப் பின்வாங்கியது. அடுத்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று கறுவிக்கொண்டது. போரின் உண்மையான விதை இந்த மனநிலைதான் என்று தோன்றுகிறது.

1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்திரியா எதைச் செய்தாலும் துணை நிற்பதாக ஜெர்மனி வாக்குக் கொடுத்தது. கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகக் குற்றம்சாட்டிய ஆஸ்திரியா அதற்கு விதித்த கெடு 48 மணி நேரம். செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவில் ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் தந்துவிட்டு, ஜெர்மன் பேரரசரின் தந்தி வந்ததும் ஜூலை 29 இரவில் நிறுத்தினார். தாமதித்தால் நாடே அழியும் என்று அமைச்சரும் தளபதிகளும் நெருக்க, மறுநாளே மீண்டும் ஆணையிட்டார். இருவரும் உறவினர்கள்; தந்திகளில் நிக்கி, வில்லி என்றே கையெழுத்திட்டுக்கொண்டார்கள். அந்த உறவால் கிடைத்த அவகாசம் ஒரே இரவு.

அப்படி மூண்ட முதல் உலகப் போரில் பலியான படைவீரர்கள் மட்டும் ஏறத்தாழ 90 லட்சம் பேர். சண்டை ஐரோப்பாவோடு நிற்கவில்லை. செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அந்தப் போருக்குப் போனார்கள்.

1962இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, உடனே குண்டு வீசச் சொன்ன தளபதிகளுக்கு அமெரிக்க அதிபர் கென்னடி இணங்கவில்லை. 1914ஆம் ஆண்டைப் பற்றி பார்பரா டக்மன் எழுதிய நூலை அவர் அந்த ஆண்டுதான் படித்திருந்தார். கடல் முற்றுகையோடு நிறுத்தி, சோவியத் தலைவர் குருஷேவ் யோசிக்க அவகாசம் தந்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றவும் ரகசியமாக ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தட்டச்சுத் தொடர்பு அமைக்கப்பட்டது. 1967 அரபு–இஸ்ரேல் போரின்போது, மத்தியதரைக் கடலில் தங்கள் போர் விமானங்கள் எதற்காகக் கிளம்பின என்பதை அமெரிக்கா அதன் வழியாகவே மாஸ்கோவுக்கு உடனுக்குடன் விளக்கியது.