ஒலியசையும் யாப்பசையும்: பேச்சுணர்வில் மூளை அலைகள்

தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் வரையறுத்தார். காலத்தால் ஒலியை அளக்கும் இம்மரபை இன்றைய மூளையியல் ஆய்வுகளோடு பொருத்திக் காண முயல்வோர்க்கு 'அசை' என்னும் சொல்லே முதல் இடர். யாப்பியலாரின் அசைக்கும் மொழியியலாரின் 'சிலபிளுக்கும்' அச்சொல் ஒன்றே வழங்குகிறது, பொருள்கள் இரண்டு.

தாம்பரம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். ஒலிநிலையில் அது தாம், ப, ரம் என மூன்று ஒலியசைகளாகும். யாப்பில் தாம் நேர், பரம் நிரை, சீர் கூவிளம். மாத்திரையோ ஐந்து. இம்மூன்று அளவைகளுள் கேட்போரின் மூளை எதனைப் பின்பற்றுகிறது?

உயிர் ஒலிக்குமிடத்தில் பேச்சின் வலிமை உயர்கிறது. மெய்யில் பெரும்பாலும் தாழ்கிறது. இயல்பான பேச்சில் இவ்வேற்றத்தாழ்வு நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை நிகழும். (இங்கு நொடி இன்றைய கால அலகு, தொல்காப்பியரின் கைந்நொடி அன்று.) மூளையின் தீட்டா அலைகளும் இதே வேகத்தன. பேச்சு செவிப்படும்போது, செவிப்புலப் பகுதியின் அலை அவ்வேற்றத்தாழ்வோடு இசைந்து நடக்கிறது. மூளை தன் அலையையே பேச்சுக்கேற்பத் திருத்திக்கொள்கிறதா, ஒவ்வோர் ஒலியசைக்கும் தனித்தனியே எதிர்வினை ஆற்றுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது.

இவ்விசைவு பொருளுணர்வுக்கு உதவுகிறது என்பதற்கு கித்சா, கிரீன்பெர்க் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குச் சுருக்கிய பேச்சைக் கேட்டோர் மிகுதியும் பிழைபட உணர்ந்தனர். அதே பேச்சை 40 மில்லிநொடித் துண்டுகளாக்கி, இடையே 80 மில்லிநொடி மௌனம் சேர்த்தபோது பிழை பெரிதும் குறைந்தது. சேர்க்கப்பட்டது வெறும் மௌனம். ஒலி எதுவும் கூடவில்லை. மௌனம் ஒழுங்கற்று அமைந்தபோது அத்துணைப் பயன் விளையவில்லை.

எனவே தாம்பரம் என்னும் சொல்லில் தீட்டா அலை மூன்று துடிப்புகளைப் பின்பற்றும் என்றே எதிர்பார்க்கலாம். பரம் என்னும் நிரையசையில் உயிர் இரண்டாதலின், யாப்பசையைத் தீட்டாவோடு நேர்நிறுத்துவது பொருந்தாது. எனினும் யாப்பசைக்கு மூளையில் இடமில்லை என்று முடிவுகட்டுவது அவசரமாகும். நாய் டிங், டேவிட் பொப்பெல் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சீன ஒலியசைகள் நொடிக்கு நான்கு வீதம் சீராக ஒலிக்கப்பட்டன. சீனம் அறிந்தோரின் மூளையில் தொடருக்குரிய 2 துடிப்பும் வாக்கியத்துக்குரிய 1 துடிப்பும் உடன் தோன்றின. ஒலியில் அவற்றுக்குத் தடயமே இல்லை. சீனம் அறியாதோரிடம் ஒலியசைத் துடிப்பு மட்டுமே காணப்பட்டது.

நிரையும் சீரும் இவ்வாறு மொழிப்பயிற்சியால் அமையும் தொகுப்புகளாயின், அதனைச் சோதிக்க ஏற்ற களம் வகையுளி. அங்கே சொல்லின் எல்லை ஓரிடத்தும் சீரின் எல்லை வேறோரிடத்தும் விழுகின்றன. யாப்புப் பயின்றோரிடமும் பயிலாதோரிடமும் அத்தகைய அடிகளை ஒரே வேகத்தில் ஒலிக்கச் செய்து, மூளையின் துடிப்பு எந்த எல்லையைப் பற்றுகிறது என்று நோக்கலாம்.