புதிய முகாம் இழுவண்டியும் மறைந்திருக்கும் துருவும்

அவுஸ்திரேலியாவில் விடுமுறைக் காலத்திற் கூடாரமிட்டுத் தங்கச் செல்வோர் தம் மோட்டார் வாகனத்தின் பின்னாற் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டி ‘காம்பர் ட்ரெயிலர்’ எனப்படும். இதனை நாம் முகாம் இழுவண்டி எனக் குறிப்பிடுவோம். சேற்றிலும் உவர்நீரிலும் ஓடவேண்டிய வண்டி இது. குயின்ஸ்லாந்திலே, 2023 வரை பிரேசர் தீவு என உத்தியோகபூர்வமாக அழைக்கப்பட்ட கரி தீவில், 75 மைல் கடற்கரையின் ஈரமணலே வாகனப் பாதையாகப் பயன்படுகின்றது. இத்தகைய பயணங்களை எண்ணி வண்டி வாங்குவோர், அது புதியதாயின் துருவைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை எனக் கருதுவதுண்டு. ஆனால் ‘புதியது’ என்னுஞ் சொல், வண்டியை முன்னர் எவரும் பயன்படுத்தவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும். கடல்வழி இறக்குமதியான வண்டியோ, விற்பனை முற்றத்தில் மாதக்கணக்காக வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியோ ஓடத் தொடங்குமுன்னரே அரிக்கப்பட்டிருக்கலாம்.

துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தாக்கமாகும். ஒரே உருக்குத் துண்டின் ஒரு பகுதி அனோட்டாக அமைந்து இலத்திரன்களை இழக்க, வேறொரு பகுதி கதோட்டாக அமைகின்றது. அங்கு நீரும் ஒட்சிசனும் அவ்விலத்திரன்களை ஏற்கின்றன. நீரிற் கரைந்த உப்பு மின்கடத்துதிறனைக் கூட்டி இத்தாக்கத்தை விரைவுபடுத்துகின்றது. இங்கு கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஈரம் தங்கி நிற்கும் இடுக்கினுள்ளே ஒட்சிசன் குறைவு. அதனால் இடுக்கின் உட்பகுதியே அனோட்டாகி அரிக்கப்படுகின்றது. கண்ணுக்கு எட்டாத இடத்திலே துரு முதலில் வேரூன்றுவதன் காரணம் இதுவே.

இரும்பைக் காக்க நாகப்பூச்சு இடப்படுகின்றது. நாகம் இரும்பைக் காட்டிலும் எளிதில் இலத்திரன்களை இழப்பதால், பூச்சிலே சிறு கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆயினும் ‘கல்வனைசுப்படுத்தியது’ என விற்பனையாளர் கூறும்போது, எம்முறையில் என வினவுதல் அவசியம். சட்டகம் முழுவதையும் வெல்டிங் செய்து முடித்தபின், ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்தில் அமிழ்த்துவது ஒரு முறை. முன்னரே பூச்சிட்ட குழாய்களை வெட்டி வெல்டிங் செய்வது மற்றொன்று. நாகம் 907 பாகையிற் கொதித்து ஆவியாகும். வெல்டிங்கின் வெப்பமோ அதனிலும் மிக அதிகம். எனவே இரண்டாவது முறையில் ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் காப்பு அழிகின்றது. அதன்மேல் வெள்ளி நிறப் பூச்சைத் தெளித்தால் வேறுபாடு எளிதிற் புலப்படாது.

ஆகவே பரிசோதனை வண்டியின் அடியிலிருந்தே தொடங்கவேண்டும். கைவிளக்கும் சிறு கண்ணாடியும் போதுமானவை. இழுவைத்தண்டு சட்டகத்தோடு சேரும் மூட்டு, வில்தட்டுகளைத் தாங்கும் பிடிகள், அச்சின் முனைகள் ஆகியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். இவை பலவீனமடையின் ஓட்டத்திலே வண்டி முறியவும் கூடும். பெட்டி வடிவக் குழாய்களின் முனைகள் மூடப்பட்டிருப்பின், நீர் வடியத் துளைகள் உளவா என்பதையும், பூச்சு இட்டபின் துளையிட்ட இடங்களில் வெறும் உருக்கு தெரிகின்றதா என்பதையும் கவனித்தல் வேண்டும். மேற்பூச்சு குமிழாக எழுந்திருப்பின் அடியில் அரிப்பு நடைபெறுகின்றது எனக் கொள்ளலாம். துணியால் துடைக்க முற்றாக நீங்கும் செம்புள்ளி, உலோகத்தை அராவியபோது படிந்த இரும்புத்துகளின் கறையாக இருக்கக்கூடும். துடைத்தபின்னும் மேற்பரப்பிற் குழி தெரியுமாயின் அது அரிப்பே. நாகத்தின் மேற் காணப்படும் வெண்பொடி, பூச்சு ஈரத்தில் நெடுநாள் கிடந்ததைக் காட்டும். அலுமினியத் தகட்டிலே கறையில் உருக்குத் திருகாணிகளை நேரடியாக முடுக்கியிருந்தால், உவர்நீர் படும்போது அலுமினியமே அனோட்டாகி ஆணியைச் சுற்றி அரிக்கப்படும்.

இப்பரிசோதனைக்குச் சட்டரீதியான முக்கியத்துவமும் உண்டு. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பொருள்கள் ஏற்கத்தக்க தரமுடையனவாக இருத்தல் வேண்டும் என உத்தரவாதமளிக்கின்றது. அதே பிரிவு ஒரு விலக்கையும் கூறுகின்றது: நுகர்வோர் வாங்க உடன்படுமுன் பொருளைப் பரிசோதித்திருந்து, அப்பரிசோதனை நியாயமாக வெளிப்படுத்தியிருக்கவேண்டிய குறையாயின், அக்குறை குறித்து அவ்வுத்தரவாதத்தை நாடமுடியாது. எனவே மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைத்த நுகர்வோர், கண்முன் இருந்த துருவுக்குத் தாமே பொறுப்பாக நேரலாம். சாதாரணப் பரிசோதனைக்கு எட்டாத, மூடிய குழாயினுள் மறைந்திருந்த துருவோ இவ்விலக்கினுள் அடங்காது.

ஆதலால் கண்ட குறைகளைத் திகதியிட்ட நிழற்படங்களாகப் பதிந்து, அவற்றை வண்டி கைமாறுமுன் திருத்தித் தருவதாக விற்பனையாளரின் உறுதியை ஒப்பந்தத்தில் எழுத்திற் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். வண்டியின் உலோகம் எது, பூச்சு எம்முறையிலிடப்பட்டது என்பனவற்றை உற்பத்தியாளர் அறிவர். தம் சேமிப்பைச் செலவிடும் குடும்பமோ பெரும்பாலும் அறிவதில்லை. உலோக அரிப்புப் பற்றிய விஞ்ஞானம் ஆய்வுகூடத்துள் மட்டும் நில்லாது இத்தகைய கொடுக்கல் வாங்கல்களிலும் பரவுமாயின், அவ்விடைவெளி பெரிதும் குறையும் என்பதே எமது கருத்தாகும்.