தில்லியில் யூதத் திருமணம்: ஏழு ஆசிகளும் உடையும் கண்ணாடிக் கோப்பையும் உணர்த்துவது என்ன?

புது தில்லி: தலைநகரின் கான் மார்க்கெட்டை ஒட்டிய ஹுமாயூன் சாலையில், 1956-இல் கட்டப்பட்ட யூதா ஹயாம் ஜெப ஆலயம் அமைந்துள்ளது. தில்லியில் வாழும் யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே. எனவே இங்கு திருமணம் நடைபெறுவது அரிய நிகழ்வாகும். அத்திருமணத்தின் ஒவ்வொரு சடங்குக்கும் தெளிவான பொருள் உண்டு.

செவ்வாய்க்கிழமைக்குச் சிறப்பு

தமிழகத்தில் செவ்வாய்க்கிழமையன்று திருமணம் நடத்துவதைப் பலரும் தவிர்ப்பர். யூதர்களுக்கோ அதுவே உகந்த நாள். உலகப் படைப்பின் மூன்றாம் நாளைக் கூறும் மறைநூல் பகுதியில் 'நல்லது' என்னும் சொல் இருமுறை இடம்பெறுவதே அதற்குக் காரணம். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரை நீடிக்கும் ஓய்வு நாளில் திருமணம் நடைபெறாது.

நான்கு கால் பந்தல்

மணமக்கள் 'ஹுப்பா' எனப்படும் நான்கு கால் விதானத்தின் கீழ் நிற்பர். அது அவர்கள் அமைக்கவிருக்கும் புதிய இல்லத்தின் அடையாளம். மணமகன் தனக்குச் சொந்தமான மோதிரத்தை, இரு சாட்சிகளின் முன்னிலையில் மணமகளின் வலக்கை ஆள்காட்டி விரலில் அணிவிப்பார். மதிப்பில் ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதால், கல் பதிக்காத எளிய மோதிரமே வழக்கம்.

மனைவியின் உரிமை ஆவணம்

அடுத்து 'கெத்துபா' எனும் திருமண ஒப்பந்தம் வாசிக்கப்படும். பண்டைய அரமேய மொழியில் அமைந்த இந்த ஆவணம், மனைவிக்கு உணவும் உடையும் அளித்துப் பேண வேண்டிய கணவனின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. மணமுறிவு ஏற்பட்டாலோ கணவன் இறந்தாலோ மனைவிக்குச் சேர வேண்டிய தொகையும் அதில் குறிக்கப்படும். ஆவணம் மனைவியின் உடைமையாகும்.

இதன் பின் திராட்சை இரசக் கோப்பையை ஏந்தி ஏழு ஆசிகள் கூறப்படும். நிறைவாக மணமகன் கண்ணாடிக் கோப்பை ஒன்றைக் காலால் மிதித்து உடைப்பார். கி.பி. 70-இல் உரோமானியப் படையால் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டதன் நினைவு அது. மகிழ்ச்சியின் உச்சத்திலும் இழப்பை மறவாதிருத்தலே அதன் பொருள்.

மருதாணியும் அவலும்

இந்திய யூதர்களில் பெரும்பான்மையினர் கொங்கண் கரையைப் பூர்விகமாகக் கொண்ட பெனே இஸ்ரேல் பிரிவினர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். திருமணத்துக்கு முன் மணமகளுக்கு மருதாணி இடுவது இவர்களின் வழக்கம். அவல், வெல்லம், தேங்காய்த் துருவல், பழங்கள் ஆகியவற்றைக் கொண்டு 'மலிதா' படைத்து, இறைவாக்கினர் எலியாவை நினைவுகூர்ந்து நன்றி செலுத்துவர். கொச்சி யூதப் பெண்களிடையே தாலி அணியும் வழக்கமும் இருந்தது.

திருமண உரிமைக்கான போராட்டம்

இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களுக்குத் திருமணமே உரிமைப் பிரச்சினையானது. 1960-களின் தொடக்கத்தில், அவர்கள் பிற யூதர்களை மணப்பதற்கு முன் பரம்பரையை ஆராய வேண்டும் என அந்நாட்டுத் தலைமை ரபி மன்றம் நெறிமுறை வகுத்தது. இதை எதிர்த்து அவர்கள் போராடினர். 1964-இல், அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என இஸ்ரேல் நாடாளுமன்றம் அறிவித்தது.

பத்துப் பேர் கூடுவார்களா?

ஏழு ஆசிகளைக் கூற, வயது வந்த பத்து ஆண்களாவது கூடியிருக்க வேண்டும் என்பது மரபு. இக்குழு 'மினியன்' எனப்படும். தில்லியில் இந்த எண்ணிக்கையை எட்டுவதே கடினம். தில்லி ஜெப ஆலயத்தில் நெடுங்காலம் வழிபாடுகளை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் எசக்கியேல் ஐசக் மலேகர், பெண்களையும் வழிபாட்டுக் கணக்கில் சேர்க்கும் நடைமுறையைக் கைக்கொண்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் யூதர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. கேரளத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின், 2022 மே மாதம் கொச்சியில் ஒரு யூதத் திருமணம் நடைபெற்றது. மத்திய அரசு அறிவித்துள்ள ஆறு சிறுபான்மைச் சமயங்களில் யூத சமயம் இடம்பெறவில்லை. மகாராஷ்டிர மாநிலம் 2016-இல் இவர்களுக்குச் சிறுபான்மைத் தகுதி வழங்கியது.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் யூதத் திருமணத்துக்கெனத் தொகுக்கப்பட்ட தனிச் சட்டம் இல்லை. சமய மரபே சட்டமாகக் கொள்ளப்படுகிறது. எனினும், எல்லாச் சமயத்தவரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. வேற்றுச் சமயத்தவரை மணப்போர் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடலாம். அத்தகைய மணங்களை மரபு யூதச் சட்டம் ஏற்பதில்லை. சமூகத்துக்குள்ளேயே துணை தேடுவது அரிதாகிவரும் நிலையில், அடுத்த தலைமுறையின் முன் நிற்கும் கடினமான தேர்வு இதுவே.